அத்தாவின் குரலும் பத்தடி அறையும்



சென்ற ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், மஃரிபுக்குப் பிறகு மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மூன்றாம் முறை வந்தபோது, எங்கள் வீட்டு ஒலிப்பதிவு அறையிலிருந்த இரண்டு ஸ்டுடியோ மானிட்டர்களுள் ஒன்று 'டப்' என்ற ஓசையுடன் அணைந்தது. பிறகு அதற்கு உயிர் வரவில்லை. கும்பகோணத்தில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும், அந்தப் பலகை இப்போது வருவதில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார்.

புதிதாக ஒரு ஜோடி வாங்கினால் தீர்ந்துவிடும் செய்திதானே என்று அன்று எண்ணினேன். அது தீர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதங்களில், நான்கு ஆண்டுகளாக நான் செய்துவந்த ஒரு தவறு வெளிச்சத்திற்கு வந்தது. இன்று நம் குடும்பங்களில் பலரும் பயானையும், கிராஅத்தையும், பிள்ளைகளின் பாடல்களையும் வீட்டிலேயே பதிவு செய்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கேனும் பயன்படட்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு தாராசுரத்தில் இருக்கிறது. பட்டுத் தறிகளின் ஓசை கேட்கும் தெரு. அத்தா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் அவருக்கு இளமையிலிருந்தே பெரும் ஈடுபாடு. மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்ட அந்தக் காப்பியம் ஒரு காலத்தில் நம் வீடுகளில் ஒருவர் படிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்ட நூல். இன்று அதைப் பொருள் சொல்லிப் படிப்போர் அருகிவிட்டனர். "நான் இருக்கும்போதே முதல் காண்டத்தையாவது உரையோடு பதிஞ்சு வச்சிடணும், தம்பி" என்று அத்தா அடிக்கடி சொல்வார்கள். அதற்காகவே மாடியிலிருந்த பழைய நெல் அறையைக் காலி செய்து ஒலிப்பதிவு அறையாக்கினேன். விலாதத்துக் காண்டத்தின் 24 படலங்களையும் அத்தா பதினான்கு மாதங்களில் படித்து முடித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

பதிவான ஒவ்வொரு படலத்தையும் நான் கணினியில் சீர்செய்து, உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அறையில் கேட்கும்போது அத்தாவின் குரல் எனக்கு எப்போதும் கனத்துத் தெரிந்தது. சில சொற்களில் 'கும்'மென்ற ஒரு முழக்கம் ஏறிவரும். ஆகவே ஈக்வலைசர் கொண்டு அடிக்குரலை நன்றாகக் குறைத்துவிடுவேன். குறைத்தபின் அறையில் தெளிவாகக் கேட்கும். நல்ல வேலை செய்துவிட்டதாக எனக்கு நிறைவு.

முதலில் ஐயப்பட்டவர் அம்மா. கைப்பேசியில் கேட்டுவிட்டு, "குரல் மெலிஞ்சு கேக்குதே தம்பி. இது உங்க அத்தா குரல் மாதிரியே இல்லையே" என்றார்கள். "போன் ஸ்பீக்கர் சின்னதும்மா, அதான்" என்று சொல்லிவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து சின்னத்தா, "அண்ணனுக்கு உடம்பு முடியலையா? குரல் இளைச்சிருக்கே" என்று கேட்டார்கள். அப்போது அத்தா நலமாகவே இருந்தார்கள். இருவர் சொல்லையும் நான் பொருட்படுத்தவில்லை. என் அறையில், என் மானிட்டரில், எல்லாம் சரியாகவே கேட்டதே!

சென்ற வைகாசியில் அத்தாவைப் பக்கவாதம் இலேசாகத் தாக்கியது. அல்லாஹ்வின் அருளால் நடமாட்டம் திரும்பிவிட்டது. குரல் மட்டும் தளர்ந்துவிட்டது. பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால் சொல் தடுமாறுகிறது. ஆகவே, அவர்களுடைய பழைய குரல் இருக்கும் இடம் அந்தப் பதிவுகள்தாம்.

மானிட்டர் பழுதான பிறகு, வேறு வழியின்றிக் காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவுகளைத் திறந்தேன். முதலில் நான் சீர்செய்து அனுப்பிய கோப்பு. அது யாரோ ஒருவரின் குரல். நெஞ்சில்லாமல் தொண்டையால் மட்டும் பேசுகிற குரல். அடுத்து, கை வைக்காத மூலப் பதிவு. அத்தா என் காதருகே அமர்ந்து படிப்பதுபோல் இருந்தது. முழக்கம் எதுவும் அதில் இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முழக்கம் பதிவில் இல்லையென்றால் அது எங்கிருந்து வந்தது? இதைச் சோதிக்க, நம் வீடுகளில் சிறு குழந்தைக்கும் அறிமுகமான ஒரு குரலை எடுத்துக்கொண்டேன். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த இசைமுரசு நாகூர் இ.எம்.ஹனீபாவின் குரல். ஹெட்போனில் அந்தப் பாடல்கள் காலங்காலமாக நாம் கேட்டபடியே கணீரென்று ஒலித்தன. அதே பாடல்களை, எஞ்சியிருந்த ஒற்றை மானிட்டரில் அறைக்குள் ஒலிக்கவிட்டேன். ஹனீபாவின் குரலிலும் அதே சொற்களின் அடியில் அதே 'கும்'. அத்தாவிடம் நான் குறைத்த குற்றம் அத்தாவிடம் இல்லை. அது அறையின் குற்றம்.

இவ்விடத்தில் மானிட்டர் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கணினித் திரையையும் அப்படித்தான் அழைக்கிறோம் என்பதால் பலருக்குக் குழப்பம் வரும். வீட்டுக்கு வாங்கும் பாட்டுப் பெட்டி கேட்பவரை மகிழ்விக்கச் செய்யப்படுவது. அடிக்குரலைச் சற்றுக் கூட்டியும் உச்சத்தைச் சற்று மினுக்கியும் கொடுக்கும். ஸ்டுடியோ மானிட்டரோ பதிவில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதற்கென்று செய்யப்படும் ஒலிபெருக்கி. 1978இல் யமஹா நிறுவனம் என்எஸ்-10 என்றொரு சிறு ஒலிபெருக்கியை வீடுகளுக்காக வெளியிட்டது. இசை கேட்போர் அதை அவ்வளவாக விரும்பவில்லை. ஒலிப்பதிவாளர்களோ அந்த வெள்ளைக் கூம்பைத் தம் மேசைகளில் ஏற்றிக்கொண்டனர். பதிவின் குறையை அது மறைக்காமல் காட்டியது. அதில் நன்றாகக் கேட்பது எங்கும் நன்றாகக் கேட்கும் என்று நம்பினர். 2001இல் அதன் உற்பத்தி நின்ற பிறகும் உலகின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் அது தொடர்ந்து இருந்தது.

ஆனால், எவ்வளவு நேர்மையான மானிட்டரும் அறைக்குள்தான் பேசுகிறது. நம் காதுக்கு வருவது மானிட்டரின் ஒலி மட்டுமன்று. சுவர், தரை, கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் ஒலியும் கூடவே வருகிறது. எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயிலைப் பார்க்க வருவோர், தட்டினால் வெவ்வேறு ஒலி எழுப்பும் அங்குள்ள கற்படிகளைப் பற்றி வியந்து பேசுவார்கள். அந்தக் கல்லைப்போலவே நாம் வசிக்கும் அறைக்கும் தனக்கென்று சில ஒலிகள் உண்டு.

என் அறை பன்னிரண்டு அடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். இந்த மூன்று எண்களில்தான் எல்லாம் இருந்தது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஓர் ஒலியலை சரியாகப் பொருந்திவிட்டால் அது அங்கேயே நின்று தன்னைத்தானே வலுப்படுத்திக்கொள்ளும். அந்த ஒலியின் அதிர்வெண்ணைக் கணக்கிடுவது எளிது. ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கிடையேயான தூரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். பத்தடி என்பது 3.05 மீட்டர். வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்கான 114 ஹெர்ட்ஸிலும் அதே நிகழும்.

அகலமும் உயரமும் ஒன்றாக இருந்ததால் இரண்டு திசைகளிலும் அதே 57, அதே 114. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஆண்களின் பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் அமையும். அத்தாவின் குரல் 110, 120 என்ற அளவில் நடப்பது. அறை ஓங்கி ஒலிக்கும் அதே இடத்தில் அத்தாவின் குரலும் இருந்தது. போதாக்குறைக்கு, நான் அகலத்தின் சரிபாதியில் அமர்ந்திருந்தேன். அந்த 114 ஹெர்ட்ஸ் அகலவாக்கில் மிக ஓங்கிக் கேட்கும் இடங்களுள் நடுவிடமும் ஒன்று. பதிவு செய்யும்போது ஒலிவாங்கி அத்தாவின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்ததால் அறையின் முழக்கம் பதிவில் மிகக் குறைவாகவே ஏறியது. கேட்கும்போதுதான் அது முழு வலுவோடு வந்து சேர்ந்தது. இல்லாத ஒன்றை நான் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுப்பட்டது அத்தாவின் நெஞ்சுக் குரல்.

திருச்சியிலுள்ள நண்பர் ஒருவரிடம் அளவெடுக்கும் ஒலிவாங்கி ஒன்றை இரவல் பெற்று, ரூம் ஈக்யூ விசார்ட் என்னும் இலவச மென்பொருளால் அறையை அளந்தேன். கணக்கு சொன்ன இடத்தில், 115 ஹெர்ட்ஸ் அருகே, ஒரு குன்று எழுந்து நின்றது. அக்கம்பக்கத்தைவிட 13 டெசிபல் உயரம். புதிய மானிட்டரை அன்றே வாங்கியிருந்தால் அதிலும் இதே குன்றைத்தான் கேட்டிருப்பேன். கையிலிருந்த பணத்தில் ஒரு பகுதியை முதலில் அறைக்குச் செலவிடுவது என்று முடிவு செய்தேன்.

அறையைச் சீர்செய்யும் கலைக்கு வழிகாட்டியவர் வாலஸ் சபைன் என்னும் இயற்பியல் ஆசிரியர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத அளவுக்கு எதிரொலித்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் சுமந்துவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். எவ்வளவு மெத்தைக்கு எவ்வளவு ஒலி அடங்கும் என்ற கணக்கு அப்படித்தான் பிறந்தது. ஒரு மனிதரின் உடல் ஏறத்தாழ ஆறு மெத்தைகளுக்குச் சமமாக ஒலியை உள்வாங்குகிறது என்றும் கண்டார். நமக்கு இது புதிதன்று. ஃபஜ்ரில் ஒரே ஒரு ஸஃப் நிற்கும்போது பளிங்குத் தரையில் முழங்கும் இமாமின் குரல், ஜும்ஆவில் பள்ளி நிறைந்திருக்கும்போது தெளிந்து கேட்பதை நாம் அறிவோம்.

நான் முன்பு செய்திருந்த சீரமைப்பு வேறு வகை. சுவரில் முட்டை அட்டைகளையும், ஓர் அங்குலக் கனத்தில் கடற்பஞ்சு போன்ற ஃபோம் சதுரங்களையும் ஒட்டியிருந்தேன். தரையில் ஜமுக்காளம். மெல்லிய பொருள்கள் உச்ச ஒலியை மட்டுமே பிடிக்கும். 114 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டர். ஓர் அங்குல ஃபோம் அதற்கு ஒரு தடையே இல்லை. விளைவு, குரலின் தெளிவு குறைந்து முழக்கம் மட்டும் தங்கியது. தெர்மோகோலும் இதற்கு உதவாது. அடிக்குரலைப் பிடிக்கக் கனமும் ஆழமும் வேண்டும். அதற்கு ஏற்ற இடம் அறையின் மூலைகள். எல்லாத் திசை அலைகளும் அங்கே வந்து அழுத்தம் கொள்கின்றன.

செலவு செய்யுமுன் சோதித்துப் பார்க்க விரும்பினேன். பரணில் திருமணச் சீராக வந்த இலவம் பஞ்சு மெத்தைகள் நான்கு சுருட்டிக் கிடந்தன. அவற்றை இறக்கி நான்கு மூலைகளிலும் தூண்போல் நிறுத்தினேன். மாடிக்கு வந்த அம்மா, "விருந்தாளி யாரும் வராங்களா? மெத்தையை ஏன் நிக்க வச்சிருக்க?" என்று கேட்டார்கள். அளந்து பார்த்தபோது குன்று 13 டெசிபலிலிருந்து 10க்கு இறங்கியிருந்தது. வழி சரிதான் என்று உறுதியாயிற்று. வீட்டைச் சுற்றி வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத ஊர் நமது. அதைக் கட்டுக்கட்டாக நிறுத்தினால் என்ன என்றும் தோன்றியது. எலியும் தீயும் நினைவுக்கு வந்ததால் கைவிட்டேன்.

பிறகு ராக்வூல் எனப்படும் பாறைக் கம்பளிப் பலகைகளை வரவழைத்தேன். கொதிகலன்களுக்கும் குளிர்சாதனக் குழாய்களுக்கும் உறையாகப் பயன்படும் பொருள் இது; எளிதில் தீப்பிடிக்காது. இரண்டு அங்குலக் கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. எங்கள் தெருத் தச்சர் மரச்சட்டங்கள் செய்து தந்தார். மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை முக்கோணமாக வெட்டி அடுக்கி நிரப்பினோம். பக்கச் சுவர்களுக்கு நான்கு அங்குலக் கனத்தில், சுவருக்கும் பலகைக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு மாட்டினோம். மின்விசிறியைக் கழற்றிவிட்டு, அமரும் இடத்திற்கு மேலே கூரையிலிருந்து இரண்டு பலகைகளைத் தொங்கவிட்டோம். கையுறையும் முகக்கவசமும் இன்றி இந்தக் கம்பளியைத் தொடக்கூடாது. அதன் துகள் தோலை அரிக்கும், மூச்சில் போகும். ஆகவே ஒவ்வொரு பலகையையும் முழுதும் துணியால் மூடித் தைத்தோம்.

துணியைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய வழி உண்டு. வாயருகே பிடித்து ஊத வேண்டும். மூச்சு மறுபுறம் தடையின்றிச் சென்றால் ஒலியும் செல்லும். பக்கத்துத் தறிக்காரர் வீட்டில் கிடைத்த பருத்தித் துணி அதற்குச் சரியாக அமைந்தது.

இவை அறைக்குள் இருக்கும் ஒலியைச் சீர்செய்யுமே தவிர, வெளியோசையைத் தடுக்கா. மயிலாடுதுறைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ஓடும் ரயில் எங்கள் ஊர் நிலையத்தைக் கடப்பது இப்போதும் கேட்கத்தான் செய்கிறது. கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டியதில் தறியோசை ஓரளவு குறைந்தது. மற்றதற்கு, இஷாவுக்குப் பிறகு பதிவு செய்வதே வழி.

இதன்பின்தான் மானிட்டர் வாங்கச் சென்னைக்குச் சென்றேன். ஒன்று மட்டும் வாங்கிப் பழையதோடு சேர்க்கலாமா என்ற ஆசை முதலில் இருந்தது. அதே வகை இப்போது வருவதில்லை. இரு வேறு வகைகளை ஜோடி சேர்த்தால் இடமும் வலமும் இரு வேறு கதை சொல்லும். ஒரே மனிதரின் பேச்சை மட்டும் பதிவதென்றால் ஒற்றை மானிட்டரே போதும். மதரஸாப் பிள்ளைகளின் கூட்டுப் பாடல்களையும் பதிவதால் எனக்கு ஜோடி தேவைப்பட்டது.

கடையில் எட்டு அங்குலக் கூம்புள்ள பெரியதைக் காட்டி, அடிக்குரல் அதிரும் என்றனர். பத்தடி அறைக்கு அந்த அதிர்வு வேண்டாம் என்று ஐந்து அங்குல வகையையே கேட்டேன். ஜேபிஎல் 305பி, யமஹா எச்எஸ்5 ஆகிய இரண்டும் இறுதியில் நின்றன. விவரக் குறிப்பின்படி முன்னது 43 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பின்னது 54 வரை. எண்ணைப் பார்த்தால் முன்னதே மேல். ஆனால் அத்தாவின் குரலோ பிள்ளைகளின் பாடலோ அவ்வளவு கீழே இறங்குவதில்லை. அங்கே இருப்பது என் அறையின் நீளவாக்கில் நிற்கும் 48 ஹெர்ட்ஸ் அலை மட்டுமே. அதைத் தட்டியெழுப்ப எனக்கு விருப்பமில்லை.

பென் டிரைவில் அத்தாவின் மூலப் பதிவையும் ஹனீபாவின் பாடல் ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன். இரண்டு மானிட்டர்களையும் ஒரே ஒலியளவில் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். சற்றே உரத்து ஒலிப்பதைக் காது மேலானதென்று எண்ணிவிடும். விற்பனைக் கூடங்களில் பலரும் ஏமாறுவது இதில்தான். அத்தா மூச்சு வாங்கும் ஓசையும், ஏட்டைப் புரட்டும் ஓசையும் எனக்கு யமஹாவில் துலக்கமாகத் தெரிந்தன. அதன் வெள்ளைக் கூம்பு என்எஸ்-10இன் நினைவைத் தாங்கியது. சுவருக்கு அருகே வைக்கும்போது அடிக்குரலைக் குறைக்க அதன் பின்புறம் ஒரு விசையும் உண்டு. அதையே வாங்கினேன். வேறு அறையும் வேறு தேவையும் உள்ளவருக்கு ஜேபிஎல் பொருந்தலாம். கூடவே மின்னழுத்தம் பாயாமல் தடுக்கும் கருவி ஒன்றையும் வாங்கினேன். ஐப்பசி மறுபடியும் வரும்.

அறையின் குறுகிய சுவரோரம் மானிட்டர்களை வைத்தேன். முன்பு இரண்டும் மூலைகளில் இருந்தன. அதுவும் முழக்கத்திற்கு ஒரு காரணம். இப்போது ஒவ்வொன்றும் பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடி, அதாவது அகலத்தில் கால் பங்கு. அந்த இடத்தில் வைத்தால் அகலவாக்கிலான 114 ஹெர்ட்ஸ் அலையை அது அவ்வளவாகத் தூண்டாது. பின்னால் ஒரு சாண் இடைவெளி. நான் அமருவது அந்தச் சுவரிலிருந்து நாலரை அடியில். மூன்று புள்ளிகளும் ஓர் இருசமபக்க முக்கோணம். உச்ச ஒலி தரும் சிறு கூம்பு காதின் உயரத்தில்.

பக்கச் சுவர்ப் பலகைகளைச் சரியான இடத்தில் மாட்ட என் மகள் உதவினாள். நான் நாற்காலியில் அமர்ந்துகொள்ள, அவள் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் எனக்கு மானிட்டர் தெரியும் இடமே ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடம். அங்கே பென்சிலால் குறித்தாள். "அத்தா, கண்ணாடியில உங்க மூஞ்சி தெரியுதா?" என்றாள். "இல்லம்மா, ஸ்பீக்கர்தான் தெரியுது" என்றேன். எல்லாம் முடிந்து அளந்தபோது 13 டெசிபல் குன்று 4க்கு வந்திருந்தது. முற்றிலும் மறையவில்லை. அதன் இடமும் உயரமும் தெரிந்துவிட்டதால் இனி அது என்னை ஏமாற்றாது.

கடைசிச் சோதனை ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் பிபிசி வானொலி, 1970களில் ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்னும் சிறு மானிட்டரை உருவாக்கியது. பிபிசி பொறியாளர்கள் தம் மானிட்டர்களைச் சோதிக்கும்போது, நேரில் பேசும் மனிதரின் குரலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மனிதக் குரலில் நம் காது எளிதில் ஏமாறுவதில்லை. நானும் அதையே செய்தேன். அத்தாவை மெல்ல மாடிக்கு அழைத்துவந்து நான்கு வரி பேசச் சொல்லிப் பதிந்தேன். அம்மாவைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னேன். அத்தா நேரில் ஒரு முறை பேசினார்கள். பிறகு பதிவு ஒலித்தது. "ரெண்டும் அவங்கதான்" என்றார்கள் அம்மா. அடுத்து, கை வைக்காத பழைய படலம் ஒன்றை ஒலிக்கவிட்டேன். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. அது முடியும்வரை கேட்டிருந்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டார்கள்.

24 படலங்களில் பதினைந்தின் மூலப் பதிவுகள் இருந்தன. அவற்றை மீண்டும் எடுத்து, இடையிலுள்ள இருமலையும் நாற்காலி ஓசையையும் மட்டும் நீக்கி, குரலைத் தொடாமல் விட்டேன். முதல் ஒன்பது படலங்களின் மூலப் பதிவுகளை, கணினியில் இடமில்லை என்று முன்பே அழித்திருந்தேன். எஞ்சியிருப்பவை வாட்ஸ்அப்பில் அனுப்பிய சிறு கோப்புகள். வெட்டிய அடிக்குரலை உயர்த்திப் பார்த்தேன். இரைச்சலும் சேர்ந்து உயர்ந்தது. போனது போனதுதான். அதைப் போக்கியவன் நான்.

அத்தாவிடம் இதைச் சொல்லப் பல நாள் தயங்கினேன். ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பிறகு சொல்லிவிட்டேன். அமைதியாகக் கேட்டார்கள். "என் குரலை உன்கிட்ட அமானிதமா கொடுத்தேன். நீ அதை அழகாக்கணும்னு நெனச்சே. அழகாக்கச் சொல்லி நான் கேக்கலையே" என்றார்கள். குரலில் கோபமில்லை. சற்று நேரம் கழித்து, "அந்த ஒன்பதையும் திரும்பப் படிச்சிடலாம். தினம் பத்து நிமிஷம். இன்ஷா அல்லாஹ்" என்றார்கள்.

இப்போது இரண்டாவது படலம் நடக்கிறது. சில சொற்கள் தடுமாறுகின்றன. ஒரு பாடலை மூன்று முறை தொடங்க வேண்டியிருக்கிறது. கனத்த அந்தப் பழைய குரல் இல்லை. இதைச் சற்றே திருத்திப் பழைய குரலுக்கு அருகே கொண்டுவரக் கருவிகள் என் கணினியில் இருக்கின்றன. நான் அவற்றைத் திறக்கவில்லை. பதிவைக் கேட்போருக்கு முதல் ஒன்பது படலங்கள் வயதான ஒருவரின் குரலிலும், அடுத்த பதினைந்தும் அவரே சில ஆண்டுகள் இளையவராக இருந்த குரலிலும் கேட்கும். ஏன் அப்படி என்று பேரப்பிள்ளைகள் ஒருநாள் கேட்டால், நடந்ததைச் சொல்வேன்.

வீட்டில் பதிவு செய்ய விரும்பும் சகோதரர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில. மூலப் பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள். இரண்டு இடங்களில் வைத்திருங்கள். மானிட்டர் வாங்கும் வசதி இல்லையெனில், காதை மூடும் நல்ல ஹெட்போன் ஒன்றே தொடக்கத்திற்குப் போதும். வசதி இருந்தால் முதலில் அறையின் நீள அகல உயரத்தை அளந்து பாருங்கள், மூலைகளைக் கவனியுங்கள், கருவி பிறகு. நன்கறிந்த ஒரு குரலை அறையில் ஒலிக்கவிட்டு, அது உங்களுக்குத் தெரிந்தபடி ஒலிக்கிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ள பெரியவர்கள் "இது அவர் குரல் மாதிரி இல்லையே" என்று சொன்னால் நின்று கேளுங்கள். அம்மா சொன்ன அன்றே நான் கேட்டிருந்தால், அந்த ஒன்பது படலங்களும் இன்று என்னிடம் இருந்திருக்கும்.

மீதமுள்ள படலங்களைப் படித்து முடிக்கும் ஆற்றலை அல்லாஹ் அத்தாவுக்கு வழங்க வேண்டும். துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.